பூமி (நிலப் பதிவேட்டுத் திட்டம்)

பூமி என்பது இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில் ஊரக நிலப் பதிவேடுகளைக் கணினிமயமாக்கி, அவற்றின் சான்றளித்த படிகளைக் குடிமக்களுக்கு நேரடியாக வழங்குவதற்காக மாநில வருவாய்த்துறை உருவாக்கிய மின்னாளுகைத் திட்டம் ஆகும். இதற்கான மென்பொருளை நடுவண் அரசின் நிறுவனமான தேசிய தகவலியல் மையம் உருவாக்கியது. 1990களின் இறுதியில் தொடங்கிய இத்திட்டம் 2002ஆம் ஆண்டிற்குள் மாநிலத்தின் ஏறத்தாழ 175 தாலுகாக்களிலும் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 67 லட்சம் நில உடைமையாளர்களுக்கு உரிய 2 கோடி நிலப் பதிவுகள் இதன்வழி கணினியில் ஏற்றப்பட்டன.

இந்தியாவில் அரசுத்துறைகள் கணினியைப் பயன்படுத்திய முறையில் பூமி ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. அதற்கு முன்னர் அரசு அலுவலகங்களில் கணினி பெரும்பாலும் சம்பளப் பட்டியல், புள்ளிவிவரம் போன்ற உள்அலுவல்களுக்கே பயன்பட்டது. பூமி திட்டமோ ஊரக மக்கள் அன்றாடம் நாடும் ஒரு சேவையையே கணினிக்கு மாற்றியது. அதே வேளையில், இத்திட்டத்தால் யார் பயனடைந்தனர், யார் விடுபட்டனர் என்பது குறித்துக் கடுமையான விவாதங்களும் எழுந்தன.

பெயர்

நிலம் என்னும் பொருளுடைய 'பூமி' என்ற சொல் கன்னடத்திலும் தமிழிலும் வழங்குவது. திட்டம், மென்பொருள், அது வழங்கும் சேவை ஆகிய மூன்றையும் இப்பெயர் குறிக்கிறது.

பின்னணி

இந்திய வேளாண் குடும்பங்களுக்கு நிலப் பதிவேட்டின் படி மிக இன்றியமையாத ஆவணங்களுள் ஒன்றாகும். வங்கியில் பயிர்க்கடன் பெறுதல், நிலத்தை விற்றல், நீதிமன்ற வழக்குகளில் உடைமையைக் காட்டுதல், பயிர் இழப்பீடு கோருதல் போன்ற பலவற்றிற்கும் இப்படி தேவைப்படுகிறது. உரிய காலத்தில் இது கிடைக்காவிட்டால், விதைப்புப் பருவத்திற்குள் வங்கிக் கடன் கிடைக்காமல், கூடுதல் வட்டிக்குத் தனியாரிடம் கடன் பெற வேண்டிய நிலை உழவருக்கு ஏற்படும்.

கர்நாடகத்தில் இவ்வாவணம் 'உரிமை, குத்தகை, பயிர்ப் பதிவேடு' எனப்படுகிறது. பேச்சுவழக்கில் இது 'பஹணி' என அழைக்கப்படும். தமிழ்நாட்டில் சிட்டா, அடங்கல் ஆகியவற்றில் தனித்தனியே காணப்படும் விவரங்களுள் பெரும்பாலானவை பஹணியில் ஒருங்கே இடம்பெறுகின்றன. அதிலுள்ள முதன்மை விவரங்கள் பின்வருவன:

- புல எண்ணும் உட்பிரிவும்
- நிலத்தின் பரப்பளவும் மண்வகையும்
- நிலவரி
- உடைமையாளரின் பெயரும், உடைமை வந்த வழியும்
- நிலத்தின் மீதுள்ள கடன் முதலிய பொறுப்புகள்
- குத்தகை விவரம்
- பருவந்தோறும் பயிரிடப்பட்ட பயிர்கள்
- பாசன வசதி

கணினிமயமாக்கத்திற்கு முன்னர் இப்பதிவேடுகள் கிராமக் கணக்கர்களின் பொறுப்பில் இருந்தன. மாநிலத்தில் ஏறத்தாழ 9,000 கிராமக் கணக்கர்கள் இருந்தனர். ஒவ்வொருவரும் பொதுவாக மூன்று அல்லது நான்கு ஊர்களின் பதிவேடுகளைப் பேணினர். பரம்பரையாக இப்பணியைச் செய்துவந்த 'சானுபோகர்' முறை 1960களில் ஒழிக்கப்பட்டு, அரசு ஊழியர்களான கிராமக் கணக்கர்கள் அமர்த்தப்பட்டனர். ஆயினும் பதிவேடு ஒருவர் கையில் மட்டுமே இருக்கும் நிலை மாறவில்லை.

இம்முறையில் மூன்று குறைகள் வெளிப்பட்டன. முதலாவது, காலத்தாழ்ச்சி. கணக்கர் ஊரில் இருக்கும் நாள் பார்த்து அவரைத் தேடிச் செல்ல வேண்டியிருந்ததால், ஒரு படி பெறுவதற்குச் சில நாள்கள் முதல் ஒரு மாதம் வரை ஆகும். இரண்டாவது, கையூட்டு. படி பெறுவதற்குச் சிறு தொகையும், பெயர் மாற்றத்திற்குப் பெருந்தொகையும் கேட்கப்படுவது பரவலாக இருந்தது. மூன்றாவது, முறைகேடு. பதிவேட்டைப் பிறர் பார்க்க இயலாததால், செல்வாக்குடையோர் கணக்கரின் துணையுடன் பிறர் நிலத்தையும் அரசு நிலத்தையும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வாய்ப்பிருந்தது. ஊர்தோறும் பதிவேடுகள் சிதறிக் கிடந்தமையால், மேலதிகாரிகள் அவற்றைத் தணிக்கை செய்வதும் அரிதாயிற்று.

முதல் முயற்சியும் அதன் தோல்வியும்

நிலப் பதிவேடுகளைக் கணினிமயமாக்கும் எண்ணம் பூமி திட்டத்துடன் தோன்றியதன்று. 1988-89ஆம் ஆண்டில் நடுவண் அரசு, தனது முழு நிதியுதவியுடன் எட்டு மாவட்டங்களில் ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. கர்நாடகத்தில் இது சில ஆண்டுகளுக்குப் பின் குல்பர்கா மாவட்டத்தில் (தற்போது கலபுரகி) முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. பின்னர் இத்திட்டம் பிற மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

இம்முயற்சி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. பதிவேடுகள் ஒரு முறை கணினியில் ஏற்றப்பட்டன. ஆனால் அதன் பின்னர் நிகழும் விற்பனை, பாகப்பிரிவினை, மரபுரிமை மாற்றம் ஆகியவற்றை உடனுக்குடன் கணினியில் பதிவதற்கு வழி வகுக்கப்படவில்லை. கையெழுத்துப் பதிவேடே தொடர்ந்து சட்டப்படி செல்லத்தக்கதாக இருந்தது. எனவே அனைத்து மாற்றங்களும் அதிலேயே பதியப்பட்டன. சில மாதங்களிலேயே கணினியில் இருந்த தரவுகள் பழையனவாகிப் பயனற்றுப் போயின. தரவைக் கணினியில் ஏற்றுவது மட்டும் போதாது. அலுவல் நடைமுறையே கணினி வழியாக நிகழ வேண்டும் என்பது இத்தோல்வியின் வழி அறியப்பட்டது.

உருவாக்கம்

எஸ். எம். கிருஷ்ணா முதலமைச்சராக இருந்த காலத்தில் (1999-2004) பூமி திட்டம் விரைவாகச் செயற்படுத்தப்பட்டது. இந்திய ஆட்சிப்பணி அதிகாரியான ராஜீவ் சாவ்லா இதற்குத் தலைமை தாங்கினார். முதலில் சில தாலுகாக்களில் சோதனை முறையில் தொடங்கப்பட்டு, பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.

பணியின் மிகக் கடினமான பகுதி தரவேற்றமே ஆகும். கையால் எழுதப்பட்ட பதிவேடுகளில் தெளிவற்ற எழுத்துகள், பழைய அளவுமுறைகள், ஊருக்கு ஊர் மாறும் குறியீடுகள், ஒன்றோடொன்று முரண்படும் பதிவுகள் ஆகியவை நிறைந்திருந்தன. தனியார் நிறுவனங்களைக் கொண்டு தரவுகள் கணினியில் ஏற்றப்பட்டன. பின்னர் அச்சுப்படிகள் எடுக்கப்பட்டு, கிராமக் கணக்கர்களாலும் வருவாய்த்துறை அலுவலர்களாலும் மூலப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டன. மென்பொருள் கன்னட மொழியிலேயே இயங்குமாறு அமைக்கப்பட்டது.

தரவேற்றம் நிறைவடைந்த தாலுகாக்களில், கையால் எழுதப்பட்ட பஹணி இனிச் செல்லாது என அரசு அறிவித்தது. கணினியில் பதியப்படாத எந்த மாற்றமும் செல்லத்தக்கதன்று என்ற நிலை இதனால் ஏற்பட்டது. முந்தைய முயற்சியிலிருந்து பூமியை வேறுபடுத்திய முதன்மைக் கூறு இதுவே ஆகும். பழைய வழியும் புதிய வழியும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால், பழக்கத்தின் காரணமாக அலுவலர்கள் பழைய வழிக்கே திரும்புவர். ஆகவே பழைய வழி மூடப்பட்டது.

செயற்படும் முறை

படி வழங்கல்

தொடக்கத்தில் ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் ஒரு பூமி சேவை மையம் அமைக்கப்பட்டது. உழவர் தம் பெயரையோ புல எண்ணையோ கூறி, 15 ரூபாய் கட்டணம் செலுத்தி, சில நிமிடங்களில் கையொப்பமிட்ட அச்சுப்படியைப் பெற முடிந்தது. மையங்களில் பொதுமக்களை நோக்கியும் ஒரு கணினித்திரை வைக்கப்பட்டது. அலுவலர் செய்வதை உழவரும் உடனிருந்து பார்ப்பதற்காக இந்த ஏற்பாடு செய்யப்பட்டது. எவரும் எந்த நிலத்தின் பதிவையும் கேட்டுப் பெறலாம் என்பதால், முன்னர் ஒரு பெட்டிக்குள் இருந்த பதிவேடு பொது ஆவணம் ஆயிற்று.

வசூலான கட்டணம் மையங்களின் அன்றாடச் செலவுகளுக்குப் பயன்பட்டது. அரசின் ஆண்டு நிதி ஒதுக்கீட்டை மட்டும் நம்பியிராமல் திட்டம் தொடர்ந்து இயங்குவதற்கு இது உதவியது.

பெயர் மாற்றம்

நிலம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லும்போது பதிவேட்டில் செய்யப்படும் மாற்றமே பெயர் மாற்றம் ஆகும். தமிழ்நாட்டில் இது பட்டா மாறுதல் எனப்படும். பூமியின் கீழ் இது பின்வரும் படிநிலைகளில் நடைபெறுமாறு அமைக்கப்பட்டது:

1. விண்ணப்பம் மையத்தில் பெறப்பட்டு, கணினி வழங்கும் எண்ணுடன் ஒப்புகைச் சீட்டு தரப்படும்.
2. தொடர்புடையோருக்கான அறிவிப்புகளைக் கணினி அச்சிடும். கிராமக் கணக்கர் அவற்றை உரியவர்களிடம் சேர்ப்பிப்பார்.
3. மறுப்புத் தெரிவிப்பதற்குத் தொடக்கத்தில் சட்டப்படி 30 நாள் காலம் அளிக்கப்பட்டது.
4. மறுப்பு இல்லையெனில் வருவாய் ஆய்வாளர் ஒப்புதல் வழங்குவார். மறுப்பு இருப்பின் அது தகராறு வழக்காக மேலதிகாரியின் விசாரணைக்குச் செல்லும்.
5. ஒப்புதல் ஆவணம் வருடப்பட்டுக் கணினியில் சேர்க்கப்படும். அதன் அடிப்படையில் பதிவு திருத்தப்பட்டு, தாலுகா அலுவலகத்தின் பொறுப்பு அலுவலரால் உறுதி செய்யப்படும்.

விண்ணப்பங்கள் வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்ளப்பட வேண்டும் என்னும் விதி மென்பொருளிலேயே அமைக்கப்பட்டது. பின்னர் வந்த விண்ணப்பத்தை முன்னர் முடித்துத் தருவதற்கு அலுவலரால் இயலாது. எந்த விண்ணப்பம் எந்த நிலையில் எத்தனை நாளாகத் தேங்கியுள்ளது என்பதையும் மேலதிகாரிகள் அறிய முடிந்தது. வரிசையை மாற்றும் அதிகாரமே கையூட்டின் ஊற்றுக்கண் என்பதால், அந்த அதிகாரம் மனிதரிடமிருந்து நீக்கப்பட்டது.

பாதுகாப்பு

கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுத்துவிட்டு, பின்னர் 'அதை நான் செய்யவில்லை' என்று மறுக்க முடியும். இதைத் தவிர்க்க, பதிவைத் திருத்தும் அலுவலர்கள் தம் கைரேகையைப் பதித்தே கணினிக்குள் நுழைய வேண்டும் என்னும் முறை கொண்டுவரப்பட்டது. யார், எப்போது, எந்தப் பதிவை மாற்றினார் என்பது பதிவாகியது. 2000களின் தொடக்கத்தில் இந்திய அரசு அலுவலகங்களில் இத்தகைய உயிரியளவு முறை அரிதாகவே காணப்பட்டது.

விளைவுகள்

பெங்களூரைச் சேர்ந்த தன்னார்வ அமைப்பான பொது விவகார மையம் 2002ஆம் ஆண்டில் பூமி சேவை மையங்களைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. பழைய முறையில் பயனாளிகளுள் 66 விழுக்காட்டினர் கையூட்டுக் கொடுத்ததாகக் கூறினர். பூமி மையங்களில் இது 3 விழுக்காடாக இருந்தது. பொதுநலவாய நாடுகளின் பொது நிருவாக அமைப்பு ஒன்று 2002ஆம் ஆண்டில் இத்திட்டத்திற்கு வெள்ளி விருது வழங்கியது. உலக வங்கியும் இதனை வளரும் நாடுகளுக்கான ஓர் எடுத்துக்காட்டாகக் கருதி ஆராய்ந்தது.

உழவர்களுக்குப் படி எளிதில் கிடைத்ததோடு, வங்கிகளும் நிலத்தின் மீதுள்ள கடன்களை எளிதில் சரிபார்க்க முடிந்தது. அரசு நிலங்களின் பட்டியலைத் தொகுத்து, அவற்றின் மீதான ஆக்கிரமிப்புகளைக் கண்டறியவும் தரவுத்தளம் உதவியது.

விமர்சனங்கள்

பூமி குறித்த விமர்சனங்களை நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

தொலைவு: முன்னர் தம் ஊரிலோ அண்டை ஊரிலோ கணக்கரைச் சந்தித்த உழவர்கள், தொடக்க ஆண்டுகளில் தாலுகாத் தலைநகருக்குப் பயணம் செய்ய வேண்டியிருந்தது. 15 ரூபாய்ப் படிக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலி இழப்பும் சேர்ந்தன. மின்தடை ஏற்படும் நாள்களில் சேவையும் தடைப்பட்டது.

பிழைகளின் தொடர்ச்சி: கையெழுத்துப் பதிவேட்டில் இருந்த பிழைகள் அப்படியே கணினிக்குள் சென்றன. தரவேற்றத்தின்போது புதிய பிழைகளும் சேர்ந்தன. பெயரில் ஓரெழுத்து மாறினாலும் வங்கிகள் ஆவணத்தை ஏற்க மறுப்பதுண்டு. முன்னர் கணக்கர் ஒரு கோட்டால் திருத்திய பிழையை இப்போது முறையான விண்ணப்பத்தின் மூலமே திருத்த இயலும்.

பதிவேட்டில் இல்லாதோர்: நில உச்சவரம்பு, குத்தகைச் சீர்திருத்தங்களின் ஒரு பகுதியாகக் கர்நாடகம் 1974ஆம் ஆண்டில் குத்தகை முறையைப் பெரும்பாலும் தடை செய்தது. எனவே பஹணியில் குத்தகைக்கென இடம் இருந்தும், வாய்மொழிக் குத்தகையில் உழுவோர் அதில் இடம்பெறுவதில்லை. தந்தை இறந்த பின்னும் பெயர் மாற்றாமல் பிள்ளைகள் உழும் நிலங்களும், குடும்பத் தலைவரின் பெயரில் மட்டும் பதிவான கூட்டு நிலங்களும் பல. கணினி ஏட்டில் உள்ளதையே விரைவாகக் காட்டுகிறது. ஏட்டில் இடம்பெறாத உழவருக்கும் பெண்களுக்கும் அவ்விரைவால் நேரடிப் பயன் இல்லை.

அதிகார இடமாற்றம்: சாலமன் பெஞ்சமின் முதலிய ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் பெங்களூரை அடுத்த பகுதிகளை முன்வைத்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டனர். நிலத்தின் மீதான முடிவுகள் ஊரிலிருந்து உயர்மட்டத்திற்கு நகர்ந்ததால், ஏழை உழவர்கள் உள்ளூர் மட்டத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளும் வழிகளை இழந்தனர் என்றும், நகர விரிவாக்கத்தில் ஈடுபட்ட பெரும் நிறுவனங்கள் தகவலை எளிதில் பெற்றுப் பயனடைந்தன என்றும் அவர்கள் வாதிட்டனர். கையூட்டு மறையவில்லை, இடம் மாறி அதன் அளவு கூடியது என்பதும் அவர்களின் கருத்தாகும். இம்முடிவுகள் நிலவிலை மிக வேகமாக உயர்ந்த ஒரு பகுதியைச் சார்ந்தவை என்பது கருதத்தக்கது. பொது விவகார மையத்தின் ஆய்வோ படி பெறும் சேவை மையங்களைப் பற்றியது. இரண்டும் ஒரே திட்டத்தின் வெவ்வேறு பகுதிகளை அளந்தன.

பதிவேடும் உரிமையும்

நிலப் பதிவேட்டில் ஒருவர் பெயர் இருப்பதாலேயே அந்நிலம் அவருக்கு உரியது என முடிவாகாது. கர்நாடக நில வருவாய்ச் சட்டம், 1964-இன்படி, பதிவேட்டில் உள்ளது தவறென மெய்ப்பிக்கப்படும் வரை உண்மை எனக் கொள்ளப்படும். அதாவது அது ஓர் ஊகச் சான்று மட்டுமே. இந்தியாவின் பிற மாநிலங்களிலும் நிலைமை இதுவே. உரிமையை இறுதியாகத் தீர்மானிப்பது உரிமையியல் நீதிமன்றம் ஆகும்.

இதற்கு மாறாக, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வழங்கும் டாரன்சு முறையில், பதிவேட்டில் உள்ள பெயருக்கு அரசே உறுதி அளிக்கிறது. இந்தியா அம்முறைக்கு மாறுவதற்கு, பதிவேடு, பத்திரப் பதிவு, நில அளவை வரைபடம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இம்மூன்றும் நெடுங்காலமாக வெவ்வேறு அலுவலகங்களில் தனித்தனியே பேணப்பட்டன. பூமி தொடக்கத்தில் முதலாவதை மட்டுமே கணினிமயமாக்கியது.

பிற்கால வளர்ச்சி

மேற்கூறிய இடைவெளியை நிரப்ப இரண்டு இணைப்புகள் செய்யப்பட்டன. பத்திரப் பதிவுத்துறையின் 'காவேரி' மென்பொருளுடன் பூமி இணைக்கப்பட்டது. இதனால் விற்பனைப் பத்திரம் பதிவானதும் அதன் விவரம் தாலுகா அலுவலகத்திற்கு மின்வழியே சென்று, பெயர் மாற்ற நடவடிக்கை தானாகவே தொடங்குகிறது. பதிவேட்டில் உடைமையாளராக இல்லாத ஒருவர் நிலத்தை விற்பதும் கடினமாயிற்று. நில அளவைப் பணிகளுக்காக 'மோஜிணி' என்னும் மென்பொருள் உருவாக்கப்பட்டது. ஒரு புலத்தின் ஒரு பகுதியை மட்டும் விற்க வேண்டுமெனில், முன்கூட்டியே அளந்து வரைபடம் பெறுவது கட்டாயமாக்கப்பட்டது.

தொலைவு பற்றிய குறையைப் போக்க, தாலுகாவிற்குக் கீழுள்ள ஓப்ளி மட்டத்தில் இயங்கும் நாடகச்சேரி அலுவலகங்களிலும் பஹணி வழங்கப்பட்டது. பின்னர் இணையத்தின் வழியாகவும் பதிவுகளைப் பார்க்கவும் படிகளைப் பெறவும் வசதி செய்யப்பட்டது. 2024ஆம் ஆண்டில் நில உடைமையாளர்களின் ஆதார் எண்ணைப் பஹணியுடன் இணைக்கும் பணியை மாநில அரசு முன்னெடுத்தது.

பிற மாநிலங்களில் தாக்கம்

பூமியின் பட்டறிவு நடுவண் அரசின் கொள்கையிலும் எதிரொலித்தது. 2008ஆம் ஆண்டில் தேசிய நிலப் பதிவேடுகள் நவீனமயமாக்கல் திட்டம் தொடங்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு முதல் இது டிஜிட்டல் இந்தியா திட்டத்தின் ஒரு பகுதியாகப் பெயர் மாற்றம் பெற்றது. பதிவேடு, பத்திரப் பதிவு, நில அளவை ஆகியவற்றை ஒருங்கிணைப்பது இதன் நோக்கங்களுள் ஒன்றாகும்.

தமிழ்நாட்டிலும் நிலப் பதிவேடுகள் இதே வழியில் கணினிமயமாக்கப்பட்டன. இங்கு பரம்பரைக் கர்ணம் முறை 1980ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். ஊரகப் பதிவேடுகளுக்கென 'தமிழ்நிலம்' மென்பொருள் பயன்படுகிறது. பட்டா, சிட்டா விவரங்களை இணையத்தில் பார்க்கலாம். பதிவுத்துறை 2018ஆம் ஆண்டில் 'ஸ்டார் 2.0' என்னும் இணையவழிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. உட்பிரிவு தேவைப்படாத விற்பனைகளில் பட்டா மாறுதல் தானாக நடைபெறும் ஏற்பாடும் பின்னர் செய்யப்பட்டது.

முக்கியத்துவம்

அரசுத்துறையைக் கணினிமயமாக்குவோருக்குப் பூமி சில தெளிவான பாடங்களை விட்டுச்சென்றுள்ளது. கணினியில் உள்ள ஆவணமே சட்டப்படி செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். இல்லையெனில் அது விரைவில் பழையதாகும். விதிகளை மென்பொருளுக்குள்ளேயே அமைத்தால், அலுவலரின் தன்விருப்ப அதிகாரம் குறையும். பொதுமக்கள் பார்க்கக்கூடிய பதிவேட்டில் முறைகேடு செய்வது கடினம்.

எனினும் கணினி, பதிவேட்டின் வடிவத்தை மாற்றுமேயன்றி, அதில் எவர் பெயர் இடம்பெற வேண்டும் என்பதைத் தீர்மானிக்காது. குத்தகை உழவர், பங்கு பெறாத பெண்கள், பெயர் மாற்றம் செய்யாத மரபுரிமையர் ஆகியோரின் உரிமையைப் பதிவேட்டிற்குள் கொண்டுவருவது சட்டத்தையும் கள விசாரணையையும் சார்ந்த பணியாகும். பெயர் மாற்ற விண்ணப்பத்திற்குப் பின் அளிக்கப்படும் மறுப்புக் காலமும், ஊரில் நேரில் சேர்ப்பிக்கப்படும் அறிவிப்பும் இத்தகையோருக்கான காப்புகளாகும். விரைவுக்காக இக்காப்புகளைச் சுருக்கினால், பிழையான பதிவும் அதே விரைவில் உறுதியாகிவிடும்.